ஹோம் ரன் மட்டுமே அடித்த பையன்

ஒரு குழந்தை நாவல், ஒரு ஆவி, 714 ஹோம் ரன்கள்

சில்வெஸ்டர் காட்மையருக்கு பேஸ்பால் என்றால் உயிர். பேஸ்பாலுக்கு அவனைக் கண்டால் அவ்வளவாகப் பிடிக்காது. பேட்டைச் சுழற்றினால் பந்தில் படாது. உயரே வரும் பந்தைப் பிடிக்கப் போனால் கை தவறும். ஹூப்பர் ரெட்பேர்ட்ஸ் என்ற பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும் பருவம் வந்ததும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிடச் சேராமலே இருந்துவிடலாம் என்று முடிவுக்கு வருகிறான். அந்த நேரத்தில் ஒரு கனத்த மனிதர் அவனிடம் வந்து பேச்சுக் கொடுக்கிறார். பெயர் ஜார்ஜ் பரூத் என்கிறார். அவனைப் பெரிய ஆட்டக்காரனாக்குவது தன் பொறுப்பு என்கிறார். அதன் பிறகு சில்வெஸ்டர் அடிப்பதெல்லாம் ஹோம் ரன். பரூத்தை அவனைத் தவிர யாரும் பார்ப்பதில்லை.

1972ல் அமெரிக்காவில் லிட்டில், பிரவுன் பதிப்பகம் வெளியிட்ட இந்தச் சிறுவர் நாவலின் பெயர் 'தி கிட் ஹூ ஒன்லி ஹிட் ஹோமர்ஸ்'. எழுதியவர் மேட் கிறிஸ்டோபர். மெல்லிய புத்தகம். ஒரு மழை நாள் மதியத்தில் பத்து வயதுப் பையன் படித்து முடித்துவிடலாம். இலக்கியப் பேராசிரியர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. சிறுவர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் தரப்படும் பெரிய பரிசான நியூபெரி பதக்கம் இதன் பக்கம் திரும்பியதும் இல்லை. ஆனாலும் அரை நூற்றாண்டு தாண்டிப் புத்தகம் உயிரோடு இருக்கிறது. புத்தகமே பிடிக்காத பையன்களிடம் பள்ளி நூலகர்கள் நம்பிக் கொடுக்கும் புத்தகங்களில் இதுவும் ஒன்று.

கிரிக்கெட் தேசத்து வாசகருக்கு ஒரு சிறு விளக்கம் தேவை. பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி வராது. பிட்சர் எறியும் பந்து நேராகக் காற்றிலேயே வரும். பேட் உருண்டை. அகலமான கிரிக்கெட் மட்டையைப் போல் தவறுக்கு இடம் கொடுக்காது. அடித்த பந்து இரண்டு கோடுகளுக்கு இடையே போக வேண்டும். அது வேலியைத் தாண்டி விழுந்தால் ஹோம் ரன். அடித்தவர் நான்கு பேஸ்களையும் சாவகாசமாகச் சுற்றி வரலாம். நமது சிக்ஸரைப் போலத்தான். ஆனால் அதைவிடப் பல மடங்கு அரிது.

எவ்வளவு அரிது என்பதைச் சில எண்கள் சொல்லும். பேஸ்பாலில் பத்து முறை ஆடி மூன்று முறை பந்தை உருப்படியாக அடிப்பவர் நட்சத்திரம். ஏழு முறை தோற்றுவிட்டுத் தலை குனிந்து திரும்புவது அவரது அன்றாட வேலை. அமெரிக்கன் லீகின் ஒரு முழுப் பருவத்தில் பத்துக்கு நான்கு என்ற சராசரியைக் கடைசியாகத் தாண்டியவர் பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ். அது 1941ல் நடந்தது. இது வெறும் அடிக்கான கணக்கு. ஹோம் ரன் கணக்கு இன்னும் கடுமையானது. பேப் ரூத் 1927ல் 60 ஹோம் ரன்கள் அடித்து உலகை வாய் பிளக்க வைத்தபோது அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வாய்ப்புகள் 540. ஒன்பதுக்கு ஒன்று. அந்த ஆண்டு அமெரிக்கன் லீகில் அவருடைய அணியைத் தவிர வேறு எந்த அணியும், மொத்த ஆட்டக்காரர்களும் சேர்ந்துகூட, 60 அடிக்கவில்லை.

அப்படியிருக்க ஒரு பள்ளிச் சிறுவன் ஒவ்வொரு முறையும் ஹோம் ரன் அடிக்கிறான் என்றால் அது திறமை அல்ல, மந்திரம். பத்து வயது வாசகனுக்கும் இது தெரியும். தெரிந்தே படிக்கிறான். தெருவில் விளையாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவனே நூறு தடவை கண்ட கனவு அல்லவா?

கிறிஸ்டோபரின் சாமர்த்தியம் கனவைக் கொடுத்ததில் இல்லை. கொடுத்த பிறகு அதன் செலவுக் கணக்கைக் காட்டியதில் இருக்கிறது. முதல் சில ஹோம் ரன்களுக்குக் கைதட்டல். பிறகு ஆச்சரியம். பிறகு கேள்விகள். நேற்றுவரை பந்தைத் தொடாத பையனுக்கு இன்று என்ன வந்தது? சக ஆட்டக்காரர்கள் கேட்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். கிரகங்களிலும் ராசிகளிலும் நம்பிக்கை வைத்திருக்கும் ஸ்னூக்கி மலோன் என்ற வகுப்புத் தோழன் தன் வழியில் விடை தேடுகிறான். சில்வெஸ்டரால் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னாலும் நம்ப ஆளில்லை. புகழ் ஏற ஏறப் பையன் தனியாகிறான்.

குழந்தைகளுக்கான விளையாட்டுக் கதைகளில் இது அபூர்வம். திறமையுள்ள பிள்ளை உலகின் செல்லம் என்றுதான் பெரும்பாலான கதைகள் சொல்லும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்கும், மேடையேறிப் பாடும் பிள்ளைகளுக்கும் உண்மை வேறு என்று தெரியும். எல்லோரும் பார்க்கிறார்கள். அடுத்த முறையும் அதே உயரம் வேண்டும் என்கிறார்கள். நேற்றைய வெற்றி இன்றைய கடனாகிவிடுகிறது. அந்தப் பயத்தைக் கிறிஸ்டோபர் பெரிய வார்த்தைகள் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

ஜார்ஜ் பரூத் யார் என்பது பெரியவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே புரிந்துவிடும். பேப் ரூத்தின் முழுப் பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். 1895ல் பால்டிமோர் நகரில் பிறந்தவர். தந்தை மதுக்கடை நடத்தியவர். அடங்காப் பிள்ளை என்று ஏழு வயதில் செயின்ட் மேரீஸ் என்ற கத்தோலிக்கத் தொழிற்பள்ளியில் சேர்க்கப்பட்டார். அனாதைகளும் வழிதவறிய சிறுவர்களும் வளர்ந்த இடம் அது. அங்கே அவர் சட்டை தைக்கக் கற்றார். பிரதர் மத்தியாஸ் என்ற ஆஜானுபாகுவான துறவி அவருக்குப் பந்தை அடிக்கவும் பிடிக்கவும் மணிக்கணக்கில் கற்றுக் கொடுத்தார். உலகம் பின்னால் பிறவி மேதை என்று கொண்டாடிய மனிதர், தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மனிதர் மத்தியாஸ்தான் என்பதை மறைத்ததில்லை.

1914ல் பால்டிமோர் அணி அவரை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குப் போனார். அங்கே அவர் முதலில் பேர் வாங்கியது பிட்சராக. வாழ்நாளில் 94 ஆட்டங்களை வென்ற பிட்சர் அவர். பேட்டின் பலம் தெரிந்ததும் அவரைத் தினமும் ஆட விட்டார்கள். 1920ல் நியூயார்க் யாங்கீஸுக்கு வந்த முதல் பருவத்திலேயே 54 ஹோம் ரன்கள். ஓய்வு பெற்றபோது மொத்தம் 714. அதே ரூத் மூன்று முறை வீசியும் பந்தைத் தொடாமல் ஆட்டமிழந்தது 1,330 முறை. எல்லாப் பந்தையும் முழு பலத்தோடு வீசி அடிக்கும் ஆசாமிக்கு இதுதான் விலை. நாவலின் பரூத், சில்வெஸ்டருக்கு இந்த இரண்டாவது எண்ணைக் காட்டாமல் முதல் எண்ணை மட்டுமே கொடுக்கிறார். அதனால்தான் அது பரிசும் ஆகிறது, சிக்கலும் ஆகிறது.

பையனுக்கு சில்வெஸ்டர் என்று பெயர் வைத்ததும் பேஸ்பால் ரசிகர்களுக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். 1926. நியூ ஜெர்சியில் ஜானி சில்வெஸ்டர் என்ற 11 வயதுச் சிறுவன் குதிரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான். உலகத் தொடர் நடந்துகொண்டிருந்தது. ரூத் கையெழுத்திட்ட பந்து அவனுக்கு வந்து சேர்ந்தது. அவனுக்காக ஒரு ஹோம் ரன் அடிப்பதாக வாக்குறுதியும் வந்தது. அக்டோபர் 6 அன்று செயின்ட் லூயிஸில் நடந்த நான்காவது ஆட்டத்தில் ரூத் ஒன்றல்ல, மூன்று அடித்தார். ரூத்தின் பேட் பையனின் உயிரைக் காப்பாற்றியது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எவ்வளவு உண்மை, எவ்வளவு நிருபர்களின் கைவண்ணம் என்பது இன்றுவரை வாதத்துக்குரியது. பையன் பிழைத்தது உண்மை. 1947ல், புற்றுநோயால் நலிந்திருந்த ரூத்தை அவர் நேரில் போய்ப் பார்த்தார். 1990 வரை வாழ்ந்தார்.

அந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் கடைசிப் பக்கம் ஒன்று உண்டு. அந்த உலகத் தொடரை யாங்கீஸ் வெல்லவில்லை. நான்கு நாள் கழித்து, ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில், ஒரே ஒரு ரன் பின்தங்கிய நிலையில், இரண்டாவது பேஸைத் திருட ஓடி அவுட்டாகித் தொடரையே முடித்துவைத்தவர் சாட்சாத் பேப் ரூத். சின்னப் பையனுக்காக மூன்று ஹோம் ரன் அடித்த அதே வாரத்தில், எந்தப் பள்ளிச் சிறுவனும் கோச்சிடம் திட்டு வாங்கக்கூடிய ஒரு தவறை அவர் செய்தார். புராணக்கதைகள் வளர்வதற்கு இப்படிச் சில பக்கங்கள் கிழிக்கப்பட வேண்டியிருக்கிறது.

கதாசிரியரின் சொந்த வாழ்க்கையில் பரூத் யாரும் வரவில்லை. மேட் கிறிஸ்டோபர் 1917ல் பென்சில்வேனியாவின் பாத் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் ஹங்கேரியர். ஒன்பது குழந்தைகளில் மூத்தவர். நன்றாக ஆடினார். தொழில்முறை பேஸ்பாலின் அடிப்படிகளில் கொஞ்ச காலம் கால் வைத்தார். மேலே ஏற முடியவில்லை. பிழைப்புக்குத் தொழிற்சாலை வேலை. இரவில் எழுத்து. 1940களின் தொடக்கத்தில் வாரம் ஒரு துப்பறியும் கதை என்று 40 வாரம் விடாமல் எழுதி அனுப்பியவர் அவர். முதலில் விலை போன கதைக்குக் கிடைத்தது 50 டாலர்.

1954ல் வெளிவந்த 'தி லக்கி பேஸ்பால் பேட்' அவரது முதல் சிறுவர் நாவல். அதிர்ஷ்ட பேட் ஒன்று தன்னிடம் இருக்கும்வரைதான் தன்னால் அடிக்க முடியும் என்று நம்பும் பையனின் கதை. பேட் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. 18 ஆண்டுகள் கழித்து வந்த பரூத் கதை அதே கேள்வியை ஒரு படி மேலே கொண்டுபோய்க் கேட்கிறது. வெற்றி வெளியிலிருந்து வந்தால் அது யாருடையது? கிறிஸ்டோபர் நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். ஃபுட்பால், ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து, ஸ்கேட்போர்டு என்று எந்த விளையாட்டையும் விடவில்லை. நாற்பது வாரம் விடாமல் எழுதிய மனிதருக்கு, தோற்ற பிறகு மறுநாளும் மைதானத்துக்கு வருவது எப்படி என்று தெரிந்திருந்தது. அவரது எல்லாப் புத்தகங்களிலும் அந்த அனுபவம் இருக்கிறது.

அவருக்கு முன்னால் இந்த வீதியில் நடந்தவர்கள் உண்டு. 1896ல் தோன்றிய ஃபிராங்க் மெரிவெல் என்ற கதாநாயகன் எல்லா விளையாட்டிலும் வெல்வான், பொய் சொல்ல மாட்டான், சிகரெட் தொடமாட்டான். வாராவாரம் மலிவு விலையில் வந்த அந்தக் கதைகளைக் கில்பர்ட் பாட்டன் புனைபெயரில் எழுதினார். ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அதைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். இந்தப் பொம்மையை உடைத்தவர் ஜான் டியூனிஸ். 1940ல் வந்த 'தி கிட் ஃப்ரம் டாம்கின்ஸ்வில்' நாவலில், புரூக்ளின் அணிக்கு வரும் கிராமத்து இளைஞன் ராய் டக்கர் அற்புதமான பிட்சர். ஒரு விபத்தில் முழங்கை போகிறது. பந்து எறிய முடியாதவன் பேட்டோடு திரும்பி வருகிறான். எப்படியாவது வெல்வதே எல்லாம் என்ற மனப்பான்மை டியூனிஸுக்கு ஆகாது. அதை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் எழுதினார்.

பெரியவர்களுக்கு இதே கதையைச் சொன்னவர் பெர்னார்ட் மாலமுட். 1952ல் வெளிவந்த 'தி நேச்சுரல்' நாவலின் ராய் ஹாப்ஸ் பிறவி மேதை. கையால் செதுக்கிய அதிசய பேட் ஒன்று அவனிடம் உண்டு. மருத்துவமனையில் கிடக்கும் சிறுவனுக்காக அவனும் ஒரு ஹோம் ரன் அடிக்கிறான். கடைசியில் பணத்தாசைக்கு இடங்கொடுத்து, மனம் மாறும்போது காலம் கடந்து, ஆட்டமிழந்து விழுகிறான். 1984ல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடிக்க ஹாலிவுட் அதைப் படமாக்கியபோது அந்த முடிவை மாற்றி, விளக்குகள் வெடித்துச் சிதற ஒரு ஹோம் ரன் வைத்தது. தோல்வியை ஏற்றுக்கொள்ள ஹாலிவுட்டுக்கு மனம் வரவில்லை. சிறுவர்களுக்கு எழுதிய கிறிஸ்டோபர் இந்த விஷயத்தில் ஹாலிவுட்டைவிட நேர்மையானவர். பரூத் என்றென்றும் கூடவே இருக்கமாட்டார் என்பது கதையின் ஓட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவர் போன பிறகு என்ன என்பதை இங்கே சொல்வது புத்தகத்தைப் படிக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

நாவலில் குறையே இல்லையா? உண்டு. பெரிய குறை. அதை 1972 என்ற ஆண்டே காட்டிக்கொடுக்கிறது.

அந்த ஆண்டு அமெரிக்காவில் உண்மையிலேயே ஒருவர் ஹோம் ரன்களாக அடித்துக் குவித்துக்கொண்டிருந்தார். அட்லாண்டா அணியின் ஹாங்க் ஆரன். அலபாமாவின் மொபில் நகரில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பந்து வாங்கக் காசில்லாத வயதில் பாட்டில் மூடிகளைக் குச்சியால் அடித்துப் பழகியவர். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் பேட்டில் கைகளை மேல்கீழாக மாற்றிப் பிடித்தே நெடுநாள் ஆடியவர். 1972 பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 673. 1973 முடிவில் 713. ரூத்தின் சாதனைக்கு ஒன்று பாக்கி. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருக்கு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. வாழ்த்துகள் பல. வசைகளும் கொலை மிரட்டல்களும் நிறைய. ஒரு கறுப்பர் ரூத்தின் சாதனையைத் தொடுவதா என்பதுதான் அவற்றின் சாரம். 1974 ஏப்ரல் 8 அன்று 715ஆவது ஹோம் ரன்னை அடித்தார். மொத்தம் 755ல் நிறுத்திக்கொண்டார். வசைக் கடிதங்களை அவர் தூக்கி எறியவில்லை. 2021ல் இறக்கும்வரை அதைப் பற்றி மறைக்காமல் பேசினார்.

சில்வெஸ்டருக்கு ஆவியாக வந்து கை கொடுத்த அதே ரூத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆரனுக்கு மிரட்டல்கள் வந்தன. இதில் ரூத்தின் பிழை ஏதுமில்லை. அவர் 1948லேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் ஆடிய காலம் முழுவதும் மேஜர் லீகில் கறுப்பர்களுக்கு இடமில்லை. அந்தக் கதவை ஜாக்கி ராபின்சன் திறந்தது 1947 ஏப்ரலில். அதற்கு மூன்று மாதம் முன்பு, நீக்ரோ லீக்குகளின் மாபெரும் ஹிட்டர் ஜாஷ் கிப்சன் 35 வயதில் இறந்துபோயிருந்தார். அவர் மேஜர் லீகில் ஒரு பந்துகூடச் சந்திக்கவில்லை. நீக்ரோ லீக்குகளின் கணக்கை மேஜர் லீக் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது 2024ல்தான். சேர்த்ததும், வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் கிப்சனுக்குப் போனது. அதிசய ஹிட்டர்களைப் பற்றிய சிறுவர் கதைகளில் நெடுங்காலம் இந்தப் பையன்கள் வரவே இல்லை. கிறிஸ்டோபரின் கதையும் ரெட்பேர்ட்ஸ் மைதானத்தின் வேலிக்கு வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பெண் பிள்ளைகளும் அங்கே பார்வையாளர்கள்தான். சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1974ல், வழக்குகளுக்குப் பிறகு.

இன்னொரு விஷயத்தில் நாவல் தன் காலத்துக்கு முன்னால் நடந்தது. யார் கண்ணுக்கும் படாத உதவியாளர் என்ற கற்பனை பின்னாளில் பேஸ்பாலின் பெரிய தலைவலியாக மாறியது. 1998ல் மார்க் மக்வையர் 70 ஹோம் ரன்கள் அடித்து 37 ஆண்டு சாதனையை முறித்தபோது நாடே கொண்டாடியது. வேலைநிறுத்தத்தால் வெறுத்துப்போயிருந்த ரசிகர்கள் திரும்பி வந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2010ல், தான் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை அவரே ஒப்புக்கொண்டார். 2001ல் 73 அடித்த பாரி பாண்ட்ஸ், மொத்தக் கணக்கில் 762 அடித்து ஆரனையும் தாண்டினார். தெரிந்து ஊக்கமருந்து எடுக்கவில்லை என்பது அவர் நிலை. அவருக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்பும் 2015ல் ரத்தாயிற்று. ஆனாலும் புகழ் மண்டபத்துக்கான எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் இருவருமே பத்து முறையும் தேறவில்லை. சில்வெஸ்டரிடம் அவன் தோழர்கள் கேட்ட கேள்விதான் இவர்களிடமும் கேட்கப்பட்டது. திடீரென்று எப்படி?

பெரியவர்களாவது தங்கள் காரியத்துக்குத் தாங்களே பொறுப்பு. பிள்ளைகள் விஷயத்தில் அதுவும் இல்லை. 2001ல் லிட்டில் லீக் உலகத் தொடரில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி அணிக்காக ஒரு பையன் எறிந்த பந்துகளை எதிரணிச் சிறுவர்களால் தொடவே முடியவில்லை. எதிரணியில் ஒருவரைக்கூடப் பேஸுக்கு விடாத ஆட்டம் ஒன்றையும் எறிந்தான். 44 ஆண்டுகளில் அந்தத் தொடர் காணாத சாதனை. சில நாளில் குட்டு உடைந்தது. வயது வரம்பு 12. பையனுக்கு 14. பிறந்த தேதியை மாற்றியவர்கள் பெரியவர்கள். அவன் தந்தைக்கும் அணியை நடத்தியவருக்கும் வாழ்நாள் தடை. அணியின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. பையன் குற்றவாளி அல்ல என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தலைப்புச் செய்தியில் வந்தது அவன் பெயர்தான்.

இதையெல்லாம் கிறிஸ்டோபர் 1972ல் கண்டிருக்க முடியாது. ஆனால் உதவி எல்லாம் நல்ல உதவி அல்ல என்ற யோசனை அவருக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 1992ல், 'ரிட்டர்ன் ஆஃப் த ஹோம் ரன் கிட்' என்று சில்வெஸ்டர் கதையின் தொடர்ச்சியை எழுதினார். பரூத் இல்லை. சில்வெஸ்டரின் ஆட்டம் சரிந்துவிட்டது. இந்த முறை அவனைத் தேடி வருபவர் சீக்கோ. அவர் சொல்லிக்கொடுப்பது முரட்டு ஆட்டம். கொஞ்சம் அழுக்கான தந்திரங்கள். அதில் பலன் இருக்கிறது. நண்பர்கள் விலகுகிறார்கள். சீக்கோ என்ற பெயர், 1919 உலகத் தொடரில் சூதாடிகளிடம் பணம் வாங்கித் தோற்ற விவகாரத்தில் ஆயுள் தடை பெற்ற எட்டு சிகாகோ ஆட்டக்காரர்களில் ஒருவரான எட்டி சிகாட்டை நினைவூட்டும். முதல் புத்தகத்தில் ஒரு தேவதை என்றால் இரண்டாவதில் ஒரு சாத்தான். இரண்டு பேருமே அன்போடுதான் பேசுகிறார்கள். அவர்களைப் பிரித்தறியும் வேலை பையன் தலையில் விழுகிறது.

விளையாட்டுப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் எந்தப் பெற்றோரும் இந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படிக்கலாம். பேட்டும் பேடும் வாங்கிக் கொடுத்து, காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டு, வலைக்கு வெளியே நின்று கத்தும் பெற்றோர் பென்சில்வேனியாவிலும் உண்டு, மும்பையின் சிவாஜி பார்க்கிலும் உண்டு. தங்கள் பிள்ளையிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். பல நேரம் இருக்கவும் செய்கிறது. அது எவ்வளவு நாள் இருக்கும், போய்விட்டால் பிள்ளை என்ன செய்யும் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. கிறிஸ்டோபர் பிள்ளைகளிடமே அதைப் பேசினார்.

அவர் 1997 செப்டம்பரில் இறந்தார். மூளையில் வந்த கட்டி காரணம். அவர் பெயரில் புத்தகங்கள் வருவது அதோடு நிற்கவில்லை. குடும்பத்தினரும் பதிப்பகமும் சேர்ந்து வேறு எழுத்தாளர்களைக் கொண்டு எழுத வைத்தார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் மேட் கிறிஸ்டோபர். உள்ளே எழுதியவர் வேறொருவர். அட்டையை மட்டும் பார்க்கும் பையனுக்கு அவர் தெரியமாட்டார். பரூத்தைக் கற்பனை செய்தவருக்கே இப்படிக் கண்ணுக்குத் தெரியாத கைகள் வந்து வாய்த்ததை அவர் ரசித்திருக்கவும் கூடும்.

ஒரு சின்னத் தற்செயல். மேட் கிறிஸ்டோபர் பிறந்த நாள் ஆகஸ்ட் 16. பேப் ரூத் இறந்ததும் ஒரு ஆகஸ்ட் 16 அன்றுதான். ஸ்னூக்கி மலோன் இதைக் கேள்விப்பட்டிருந்தால் கிரகங்களின் மேல் பழியைப் போட்டிருப்பான். சில்வெஸ்டரைப் போன்ற பையன்களுக்கு அந்த வசதி இல்லை. நாளை மறுபடியும் ஆட்டம். பந்து வரும். பேட்டைச் சுழற்ற வேண்டியது அவர்கள்தான்.